மெல்பேர்ணில் மாப்பிள்ளை விசாரித்த கதை

கல்முனைப் பக்கம் மாப்பிள்ளை பார்ப்பதென்றால் மாப்பிள்ளையைப் பார்ப்பதில்லை. அவன் ஊருக்கு, அவன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். சலூனில் முடிவெட்டிக் கொண்டு விசாரிக்க வேண்டும். தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு விசாரிக்க வேண்டும். கடைசியாகப் பள்ளிவாசலில் ஒருவருக்கு ஸலாம் சொல்லி விசாரிக்க வேண்டும். கேட்கப்படுகிறவர் உள்ளதைச் சொல்லிவிடுவார். குமருப் பிள்ளையின் காரியத்தில் பொய் சொன்னவன் மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்று எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். இந்த முறையில் நான் பதினொரு மாப்பிள்ளைகளை விசாரித்திருக்கிறேன். ஒருவனைத் தவிர எல்லோரும் நல்லபடியாகக் குடும்பம் நடத்துகிறார்கள். அந்த ஒருவனின் ஊரில் சலூன் பூட்டியிருந்தது. முடி வெட்டாமல் வந்துவிட்டேன்.

பன்னிரண்டாவது மாப்பிள்ளை மெல்பேர்ணில் இருந்தான்.

நான் கல்முனையில் ஒரு பாடசாலையில் இருபத்திரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன். எண்பதுகளின் நடுவில் மூன்று வாரப் பயிற்சி ஒன்றுக்காக என்னை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். என்ன பயிற்சி என்று என் தங்கச்சி சுலைஹா கேட்கவேயில்லை.

“காக்கா, பயிற்சி கிடக்கட்டும். நீங்க போற ஊரிலதானே அந்தப் பொடியன் இரிக்கான்?”

அந்தப் பொடியன் றபீக். பாலமுனை. சவூதியில் வெல்டிங் வேலை செய்து, அந்தத் தொழிலோடே மெல்பேர்ண் போய், லொறிகளுக்கு உடம்பு கட்டும் பட்டறை ஒன்றில் நிரந்தரமாகச் சேர்ந்திருந்தான். அவன் உம்மா, சுலைஹாவின் மகள் நபீலாவைப் பெண் கேட்டு வந்து, மகனின் படத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். நபீலா படத்தைப் பார்த்தாள். திரும்ப உறைக்குள் வைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளை அதற்கு மேல் சம்மதம் சொன்ன வரலாறு இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்போம். மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வருவான். சுலைஹாவும் நபீலாவுக்கென்று ஓட்டு வீடு கட்டி முடித்திருந்தாள். இவனோ பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறான். நபீலாவின் வாப்பா மௌத்தாகி ஆறு வருடம். விசாரிக்கும் கடமை தாய்மாமன் என் தலையில்தான்.

“கரைவலைக்காரப் பொடியன்” என்றாள் சுலைஹா. டவுன்காரர்களான நாங்கள் பாலமுனையைச் சொல்வது அப்படித்தான், அங்கே பாதிப்பேர் வேளாண்மை செய்தாலும். “புள்ளையக் கடல் கடந்து அனுப்புறதெண்டா ஆள் ஆரெண்டு அச்சொட்டாத் தெரியணும் காக்கா. நீங்க எழுதுற கடிதம்தான். ஓமெண்டா ஓம். இல்லாட்டிப் படத்தத் திருப்பிக் குடுத்திர்றன்.”

நபீலா எனக்கு உடுப்பு அடுக்கித் தந்தாள். கழுத்துப்பட்டியை மட்டும் இரண்டு தரம் எடுத்து, இரண்டு தரம் மடித்து வைத்தாள்.

தங்கியது டொக்டர் நவாஸ் வீட்டில். நவாஸ் கொழும்புக்காரர், ஒரு காலத்தில் என்னோடு விடுதியில் ஒரே அறையில் இருந்தவர். மெல்பேர்ணின் கிழக்குப் பக்கத்தில், புல்லுக்கும் சவரம் செய்ததுபோல் இருக்கும் ஒரு தெருவில் வீடு. இரவுச் சாப்பாட்டில் புரியாணி, வெள்ளித் தட்டில். றபீக் இருக்கும் இடத்தின் பெயரைச் சொன்னேன். நவாஸின் கரண்டி நின்றது.

“மேற்குப் பக்கமா? அது போகன்மார்ட இடமே.”

இருபத்திரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தும் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. கொப்பியை எடுத்தேன். நவாஸின் மகள் ஷெரீன் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் படிக்கிறாள்; விளக்கம் அவளிடமிருந்து வந்தது. போகன் என்றால் கட்டம்போட்ட தடிச் சட்டை. இறுக்கமான கறுப்புக் காற்சட்டை. ஆட்டுத்தோல் சப்பாத்து, அதுவும் தெருவில். முன்னுக்குக் கட்டை முடி, பின்னுக்கு நீட்டு முடி. வீட்டு முற்றத்தில் சில்லுக் கழற்றிய கார். கையில் குட்டைப் போத்தல் பியர். சிட்னிக்காரர் இதே ஆளுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், பிரிஸ்பேனில் இன்னொரு பெயர், ஆள் ஒன்றுதான்.

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. எங்களிடம் இருப்பது போலக் குடி, அதாவது வம்சம். எங்கள் கரையில் ஒரு ஆளைச் சந்தித்தால் பெயருக்கு அடுத்ததாகக் கேட்பது என்ன குடி என்பதுதான். பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்காயர், தலைவர்போல, உண்டு. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை.

“இந்தப் போகன் குடி தாய் வழியா, தகப்பன் வழியா?” என்று கேட்டேன்.

ஷெரீன் யோசித்தாள். “ரெண்டும் இல்ல அங்கிள். உடுப்பு வழி.”

எழுதிக்கொண்டேன்.

“நீங்க சிரிக்காதீங்க” என்றார் நவாஸ். நான் சிரிக்கவில்லை. “அந்தப் பொடியன நான் கண்டிருக்கிறன். போன பெருநாள் தொழுகைக்குக் கட்டம்போட்ட சட்டையோட வந்து நிண்டான். பெருநாளைக்கு! ஆக்களோட சேந்தா அப்படித்தான் ஆகும். பொண்ணக் குடுக்க வாணாம். குடுத்தா ரெண்டு வருஷத்தில அவளும் தெருவில ஆட்டுத்தோல் சப்பாத்தோட நிப்பாள்.”

கொழும்பில் நாங்கள் ஒரே அறையில் இருந்த காலத்தில் இதே நவாஸ் என்னை ‘மட்டக்களப்புச் சோனி’ என்று கேலியாகத்தான் மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்துவார். எங்கள் பக்கம் வருகிறவர்களை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவோம் என்று நம்பி, ஒரு விடுமுறைக்குக்கூட என் ஊருக்கு வர மறுத்தவர். இதைச் சொல்லலாமா என்று பார்த்தேன். புரியாணி நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

திங்கட்கிழமை பயிற்சி தொடங்கியது. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் இறைச்சி அடைத்த பணிஸ் போன்ற ஒன்றைக் கையில் பிடித்து, மேலே தக்காளிச் சோஸ் ஊற்றி, நின்றபடி சாப்பிட்டார்கள். ஹலால் இல்லை என்று நான் பாணும் முட்டையும் சாப்பிட்டேன். ஐந்து நாளும் பாணும் முட்டையும். வெள்ளிக்கிழமை கன்ரீன் பெண்மணி கேட்காமலே முட்டையை வைத்துவிட்டார். ஊரில் இதற்கு ஐந்து வருடம் ஒரே கடைக்குப் போக வேண்டும்.

எங்கள் விரிவுரையாளர் மெல்லிய குரல் உள்ள நல்ல மனிதர். அவுஸ்திரேலியாவில் வகுப்பு வேறுபாடு கிடையாது, தொழிலாளியும் முதலாளியும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று அரை மணி நேரம் விளக்கினார். பிறகு தேநீர் இடைவேளையில், மேற்குப் பக்கம் போவதானால் எந்த நிலையங்களில் இறங்கக்கூடாது என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். றபீக்கின் நிலையம் அதில் முதலாவதாக இருந்தது.

சனிக்கிழமை புறப்பட்டேன். மாப்பிள்ளை விசாரிக்கப் போகிறவன் மரியாதையாகப் போக வேண்டும். வெள்ளை நீளக்கைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, நபீலா மடித்து வைத்த கழுத்துப்பட்டி, கையில் பயிற்சிக்குத் தந்த கறுப்புப் பைல். கண்ணாடியில் பார்த்தேன். எந்த ஊர் மரைக்காயரும் எழுந்து நாற்காலி தருவார்.

அந்த நகரத்தின் நடுவில் ரயில் நிலத்துக்கடியில் ஒரு வட்டம் சுற்றுகிறது. காலையில் ஒரு பக்கமாகச் சுற்றும் ரயில் மதியத்துக்குப் பிறகு மறுபக்கமாகச் சுற்றும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கல்முனை டிப்போவில் அக்கரைப்பற்று பஸ் மத்தியானத்துக்குப் பிறகு மட்டக்களப்புக்குப் போவதில்லை. ஒரே நிலையம் இரண்டாம் தரம் வந்தபோது, நிலையங்களுக்கெல்லாம் ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் கட்டம்போட்ட சட்டையும் பின்முடியுமாக ஒருவர் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பைலை மடிக்குள் இழுத்து வைத்தேன்.

“மச்சான், நீ ரெண்டாம் தரம் சுத்துறாய்” என்றார்.

மச்சான் என்பது என் மொழிபெயர்ப்பு. அந்தப் பக்கம் எல்லோரும் எல்லோரையும் ‘மேட்’ என்பார்கள். எங்கள் பக்கம் ஒருவன் மச்சானாக வேண்டுமானால் பெண் எடுக்க வேண்டும் அல்லது கொடுக்க வேண்டும். அங்கே ரயிலில் ஏறினால் போதும். அவர் என்னோடு இறங்கி, படி ஏறி, வேறு மேடைக்குக் கூட்டிப்போய், சரியான ரயில் வரும்வரை நின்றார். இதனால் அவருடைய ரயில் போய்விட்டது. அவர் சட்டையைப் பற்றி நான் கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை.

றபீக்கின் தெருவில் மரம் இல்லை. பலகை வீடுகள். ஷெரீன் சொன்ன எல்லாம் வரிசையாக இருந்தன: முற்றத்தில் கார், காருக்குச் சில்லு இல்லை, தெருவில் ஒரு பெண் ஆட்டுத்தோல் சப்பாத்தோடு புகைத்துக்கொண்டு நின்றாள். பாடப்புத்தகத்தின் படங்கள் எழும்பி நடப்பதைப் பார்த்த மகிழ்ச்சி எனக்கு.

முறைப்படி சலூனில் தொடங்கினேன். இத்தாலியக் கிழவர். கத்தரி ஓடிக்கொண்டிருக்கும்வரை மழை, பந்து விளையாட்டு, அவர் முழங்கால் நோவு எல்லாம் கதைத்தார். பிறகு நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். றபீக் என்று ஒருவர் இந்தத் தெருவில் இருக்கிறாராமே. எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார்? எத்தனை மணிக்கு வருகிறார்? வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள்? குடிப்பழக்கம் உண்டா? கத்தரி நின்றது.

“அப்படி ஒருத்தரைத் தெரியாது” என்றார் கிழவர்.

மிச்ச முடியை அவர் வெட்டிய வேகத்தில் என் இடது பக்கம் வலது பக்கத்தைவிட நீளமாகப் போய்விட்டது.

தேத்தண்ணிக் கடை இல்லை. பாலும் பத்திரிகையும் இனிப்பும் விற்கும் சின்னக் கடை ஒன்று இருந்தது. ஒரு பால் போத்தல் வாங்கிக் கேட்டேன். கடைக்காரப் பெண் என் கழுத்துப்பட்டியைப் பார்த்தாள், பைலைப் பார்த்தாள். “கேள்விப்பட்டதே இல்லை” என்றாள். நான் வெளியே வரும்போது அவள் ரெலிபோனைத் தூக்குவது கண்ணாடியில் தெரிந்தது.

பள்ளிவாசலும் இல்லை. ஆகவே மூன்றாவது ஆளாக, றபீக் வீட்டு இலக்கத்துக்குப் பக்கத்து வீட்டு முற்றத்தில் காருக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களுக்கு முன்னால் போய் நின்றேன். காலுக்குரியவர் வெளியே வழுகி வந்தார். கையில்லாத பெனியன், தோளில் பச்சை குத்திய கழுகு. பெயர் கெவின் என்று பிறகுதான் தெரியும்.

“பக்கத்து வீட்டில் றபீக் என்று...”

“பக்கத்து வீடு காலி” என்றார் கெவின். “ரெண்டு வருஷமாக் காலி.”

எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கொடியில் கட்டம்போட்ட துணி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. கட்டம்போட்ட துணியைப் பற்றித்தான் ஷெரீன் தெளிவாகச் சொல்லியிருந்தாளே. யாரோ போகன் பக்கத்து வீட்டுக் கொடியைப் பாவிக்கிறான் என்று முடிவுசெய்து, நன்றி சொல்லி நடந்தேன்.

ஒருவனைப் பற்றிக் கெட்டது சொல்லும் ஊரை நான் கண்டிருக்கிறேன். அதில் பாதி பொறாமை என்று கழித்துவிடலாம். மூன்று இடத்திலும் அவன் பெயரே தெரியாது என்று சொல்லும் ஊரை நான் கண்டதில்லை. அப்படிப்பட்டவன் ஒன்றில் பொய் விலாசம் கொடுத்தவன், அல்லது தெருவே பெயரைச் சொல்ல விரும்பாத வேலை செய்தவன். நிலைய வாங்கில் உட்கார்ந்து வான்கடிதம் எழுதினேன். “தங்கச்சி, இவனை இவன் தெருவே அறியாது. படத்தைத் திருப்பிக் கொடு.” நபீலா உறைக்குள் வைக்காத படம் நினைவுக்கு வந்தது. எனக்கு அழுகை வந்தது. முக்கால் முடி வெட்டிய மனிதன் ரயில் நிலையத்தில் கழுத்துப்பட்டியோடு அழுவதை அந்தத் தெருப் பெண் ஒருத்தி பார்த்துவிட்டுப் போனாள். கடிதத்தைப் பெட்டியில் போட்டேன்.

திங்கட்கிழமை பின்னேரம் நவாஸ் வீட்டு ரெலிபோன் அடித்தது. எனக்கு.

“மாமா, அஸ்ஸலாமு அலைக்கும். நான் பாலமுனை றபீக். உம்மா நம்பர் எழுதியிருந்தா. நீங்க வந்து ஒரு கிழமைக்கு மேலயாம், ஒரு கதையும் இல்லையே?”

“உன்ட தெருவில உன்ன ஒருத்தருக்கும் தெரியாதாமே தம்பி” என்றேன். குரலில் ஆசிரியன் வந்துவிட்டான்.

“ஆர் சொன்ன?”

“சலூன்காரன் சொன்ன. கடைக்காரி சொன்ன. காருக்குக் கீழ கிடந்த ஒருத்தன் உன்ட வீடே காலியெண்டு சொன்ன.”

பக்கத்தில் யாரிடமோ அவன் ஆங்கிலத்தில் ஏதோ கேட்பது கேட்டது.

“மாமா” என்றான். “சனிக்கிழமை ரை கட்டி, கறுத்தப் பைலோட வந்தது நீங்களா?”

அரை மணி நேரத்தில் ஒரு திறந்த பின்பக்க வாகனம் நவாஸின் சவரம் செய்த புல்லுக்கு முன்னால் நின்றது. ஓட்டி வந்தவர் கழுகுத் தோள் கெவின். என்னைக் கண்டதும் வாகனத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், குனிந்து சிரித்தார். றபீக் சிரிக்கவில்லை. அவன் முகம் வெளுத்திருந்தது.

விஷயம் இதுதான். அந்தத் தெருவில் கழுத்துப்பட்டி கட்டி, பைலோடு வந்து, இன்னார் எத்தனை மணிக்கு வருவார், யார் வந்து போவார்கள் என்று கேட்கிற ஆள் கலியாணம் பேச வருவதில்லை. ஆள் பிடிக்க வருவான். போன மாதம் அப்படி இரண்டு பேர் வந்து, கடைசி வீட்டில் இருந்த ஒருவரை விசா இல்லை என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு தெருவில் யாரும் யாருடைய பெயரையும் யாருக்கும் சொல்வதில்லை. நான் கடையிலிருந்து கெவினின் முற்றத்துக்கு வந்து சேர முன்னமே கெவினுக்கு ரெலிபோன் வந்துவிட்டது. நான் ரயில் ஏற முன்னமே றபீக்கைக் கெவினின் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சனியும் ஞாயிறும் அவன் அங்கே ஒளிந்திருந்தான்.

“உனக்கு விசா இரிக்குத்தானே?” என்றேன்.

“நிரந்தர விசா மாமா. என்ட பேப்பர் எல்லாம் சரி.”

“அத இவங்களுக்குச் சொல்லல்லயா?”

“அவங்க கேக்கல்ல” என்றான் றபீக். “கேக்காமலே மறைச்சிட்டாங்க.”

பதினொரு மாப்பிள்ளைகளுக்கும் சேர்த்து எனக்குக் கிடைத்த நற்சாட்சிகளில் இப்படி ஒன்று இருந்ததில்லை. அந்த வசனத்தைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்த நினைவு, நான் கடிதத்தைப் போட்ட பெட்டி.

அன்று பின்னேரமே கெவின் வீட்டில் சாப்பாடு. கெவினும் றபீக்கும் விடியலில் தூண்டில் போட்டுப் பிடித்த தட்டை மீனை, கெவினின் மனைவி டொட் மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்திருந்தாள். தெருவில் ஆட்டுத்தோல் சப்பாத்தோடு புகைத்துக்கொண்டு நின்ற பெண் அவள்தான். மிளகாய்த்தூள் பாலமுனையிலிருந்து போனது. வேலிக்கு அந்தப் பக்கம், றபீக்கின் கொடியில், அந்தக் கட்டம்போட்ட துணி இன்னும் தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். சாரன். என் இடுப்பில் நாற்பது வருடமாக இருக்கிற அதே சாதிச் சாரன். அதையே அடையாளம் காணாத கண்ணை வைத்துக்கொண்டு நான் ஒரு மனிதனை விசாரிக்க வந்திருக்கிறேன்.

“எங்களைப் பற்றி என்ன சொல்லி அனுப்பினார்கள்?” என்று கேட்டார் கெவின்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. “போகன் என்று” என்றேன்.

கெவின் சிரித்தார். டொட் சிரிக்கவில்லை. “என் மகளுக்கு ரயிலில் கிழக்குப் பக்கத்துப் பிள்ளைகள் அதைத்தான் சொல்கிறார்கள்” என்றாள். “இப்போது அவள் எங்கே இறங்குகிறாள் என்று தெரியாமலிருக்க ஒரு நிலையம் முன்னாலேயே இறங்கி நடந்து வருகிறாள்.” சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு மீனை வைத்தாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ‘கரைவலைக்காரன்’ என்று எத்தனை தரம் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். கல்முனைச் சந்தையில் பாலமுனைப் பிள்ளை ஒன்று ஊர்ப் பெயரை மறைத்திருந்தால் அது எனக்குத் தெரிந்திருக்காது.

பிறகு முறையான விசாரணை நடந்தது. குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டேன். “அவன் குடிக்காததால்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம்” என்றார் கெவின். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து மற்றவர்கள் குடிக்கப் போக, றபீக் வெளியே வாகனத்துக்குள் உட்கார்ந்து கச்சான் கடலை சாப்பிட்டுக்கொண்டிருப்பானாம். பிறகு எட்டுப் பேரையும் வீடு வீடாக இறக்குவானாம். பெருநாள் சட்டையைப் பற்றியும் கேட்டேன். அதற்கு றபீக்கே பதில் சொன்னான். “பெருநாளைக்குப் புதுச்சட்டை போடுறெண்டு கெவினுக்கு ஒருக்காச் சொன்ன மாமா. அவர் போய் எடுத்துத் தந்த சட்டை. போடாம எப்பிடிப் போற?”

மறுநாள் காலை தபாற்கந்தோர் திறக்க முன்னமே வாசலில் நின்றேன். தந்தி: “கடிதம் பிழை. பொடியன் தங்கம். கடிதத்தைத் திறக்க வேண்டாம்.”

தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. கடிதத்தைத் திறக்க வேண்டாம் என்று எழுதியது எனது அடுத்த பிழை. பத்து நாளாகச் சுலைஹா தபால்காரனுக்காகப் படலையில் காத்திருந்து, அவன் சைக்கிளைத் திருப்ப முன்னமே கடிதத்தைத் திறந்துவிட்டாள். நான் ஊர் வந்து இறங்கியதும் இரண்டையும் என் முன்னால் வைத்தாள். “ரெண்டில எது காக்கா நீங்க?” நான் நடந்ததெல்லாம் சொன்னேன். பாதியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறைக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்புக் கேட்டது.

அந்த வருடக் கடைசியில் றபீக் வந்தான். நிக்காஹ் முடிந்தது. உடுப்புப் பெட்டியோடு நபீலாவின் ஓட்டு வீட்டுக்கு வந்து, ஐந்து கிழமை மாப்பிள்ளையாக இருந்து, திரும்பிப் போனான். நபீலாவின் விசாவுக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தோம்.

இதற்கிடையில் சண்டை முற்றி எங்கள் ஊர் வேறு ஊராகிவிட்டது. பெயர் கேட்டு வரும் ஆட்களைக் கண்டால் பெண்கள் கதவைச் சாத்தினார்கள். வந்தவன் எந்தப் பக்கத்து ஆள் என்று எவருக்கும் தெரியாது. பெயர் சொன்ன தெருவில் பிறகு ஒரு வீட்டில் அழுகை கேட்டது. சலூனில் மழையைப் பற்றி மட்டும் கதைத்தார்கள்.

ஒரு முற்பகல் ஜீப் ஒன்று எங்கள் தெருவில் நின்றது. வெள்ளை நீளக்கைச் சட்டை, கழுத்துப்பட்டி, கையில் பைல். படலையில் நின்ற என்னிடம் வந்தார்.

“இந்தத் தெருவில றபீக் எண்டு ஒருத்தர் கலியாணம் முடிச்சிருக்காராம். எந்த வீடு? எப்ப வந்தவர்? ஆர் ஆர் வந்து போற?”

“அப்படி ஒருத்தரும் இந்தத் தெருவில இல்ல” என்றேன்.

நான் யோசிக்கவில்லை. வாய் சொன்னது. பத்தடி தள்ளி நபீலா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தேத்தண்ணிக் கடையிலும் சலூனிலும் அவருக்கு அதே பதில்தான் கிடைத்தது. நன்றி சொல்லி நடந்தார். அவர் நடந்த விதத்தை அப்போதுதான் பார்த்தேன். அந்த நடை எனக்குத் தெரியும்; றபீக்கின் தெருவிலிருந்து நான் திரும்பிய நடை. பின்னால் ஓடினேன். ஜீப் போய்விட்டது.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. விசாவுக்காக நேரில் விசாரித்ததில், அப்படி ஒரு மணமகனை அயலவர் எவரும் அறியாதபடியால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. நபீலா கடிதத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மாமா, நீங்களுமா?”

அதோடு என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். நான் போனால் தேத்தண்ணி வரும்; ஆள் வரமாட்டாள். புதிதாக எழுதிப்போட்டுக் கொழும்புக்குக் கூப்பிட்டபோது நான்தான் கூட்டிப்போனேன். பஸ்ஸில் பன்னிரண்டு மணித்தியாலம், பக்கத்து ஆசனம், ஒரு வார்த்தை இல்லை. அதிகாரியின் முன்னால் நான் பொய் சொன்னவன் என்று ஒப்புக்கொண்டேன். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார்.

“வந்தவர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்” என்றேன்.

அவர் எதையோ நீளமாக எழுதினார். விசா கிடைத்தது. கதை கிடைக்கவில்லை. விமானத்துக்குப் போகும் நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு அழுதாள்; என் கையைப் பிடித்தாள், வாய் திறக்கவில்லை.

அவள் போய் ஒரு மாதத்தில் சுலைஹாவுக்குக் கடிதம் வந்தது. உள்ளே, எனக்கென்று தனியாக ஒரு தாள் மடித்திருந்தது.

“மாமா, நான் வந்து மூணாம் நாள் இவர் வேலைக்குப் போயிட்டார். படலையில நிக்கக்குள்ள ரை கட்டி, பைலோட ஒருத்தர் வந்து கெவின் வீடு எது, கெவின் எப்ப வருவார் எண்டு கேட்டார். அப்படி ஒருத்தரும் இந்தத் தெருவில இல்லையெண்டு சொல்லிட்டன். அவர் போயிட்டார். பின்னேரம் டொட்டுக்குச் சொன்னாப் பிறகுதான் தெரிஞ்சிச்சி, அவர் டொட்டுட சொந்தக் காக்கா. பதினஞ்சு வருஷமாக் கோவமா இருந்து, தங்கச்சியோட சமாதானமாகத் தேடி வந்த மனிசன். டொட் ரெலிபோன் அடிச்சித் திரும்பக் கூப்பிட்டா. கெவின் சிரிச்சி முடிய நாலு நாள் செண்டிச்சி. இனி நானும் போகனாம். உங்களுக்கும் அதே பேர்தானாம், சொல்லச் சொன்னார். மாமா, அண்டைக்கு உங்கட வாய்க்கு எப்பிடி அது வந்ததெண்டு எனக்கு இப்ப தெரியும்.”

ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்த முதல் கதை அது. தாளை மடித்தேன். உறைக்குள் வைக்கவில்லை.